மூன்று கை மாறிய கப்பல்

(நாச்சாரம் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று ஒரு கப்பலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நான் சொன்னபோது, "உசேன் சாகரில் படகு பார்ப்பதோடு நம் கடல்வாழ்வு முடிந்துவிட்டதே, நாச்சாரத்தில் கப்பற் பேச்சா?" என்று நண்பர் ஒருவர் நகைத்தார். நகைத்தது முறையே. எந்தத் திசையில் புறப்பட்டாலும் ஓரிரவு வண்டியில் பயணம் செய்தால்தான் நாம் கடலைக் காண முடியும். ஆயினும் நான் பேச வந்தது கடலைப் பற்றியன்று, உடைமையைப் பற்றி. அதில் இந்தக் காலனிக்காரர்கள் எவர்க்கும் இளைத்தவர்கள் அல்லர். இங்கே மனை வாங்கிய ஒவ்வொருவரும், விற்றவர் யாரிடம் வாங்கினார், அவருக்கு முன் அது யார் கையில் இருந்தது, இடையில் அடமானம் உண்டா என்று வில்லங்கச் சான்றிதழை வாங்கி விளக்கடியில் வைத்து வரிவரியாகப் படித்தவர்களே. அதே வேலையை ஒரு கப்பலுக்குச் செய்து பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதே இன்றைய என் பொருள்.

கப்பலுக்கு உடையவனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் தந்தை பெயர் மாநாய்கன். கோவலனின் தந்தை பெயர் மாசாத்துவான். சாத்து என்பது நிலவழியே செல்லும் வணிகர் கூட்டம். நாய்கன் என்பவன் கடல்வழி வாணிகம் செய்வோன், மரக்கலம் உடையவன். ஆக அந்தத் திருமணமே கப்பற்குடிக்கும் வண்டிக்குடிக்கும் நடந்த சம்பந்தம் எனலாம். ஆனால் மாநாய்கனுக்கு எத்தனை கலங்கள் இருந்தன, அவற்றை யாரிடம் பெற்றான் என்று அறிய நமக்கு ஏடு இல்லை. ஏடு பிற்காலத்தில் வந்தது. அதுவும் வேற்று நாட்டார் கையால் வந்தது.

அந்த ஏட்டைச் சிறிது விளக்கிவிட்டு மேலே செல்கிறேன். ஆங்கிலேயர் சட்டப்படி ஒரு கப்பலின் உடைமை 64 பங்குகளாகப் பகுக்கப்படும். ஒருவரே 64-ஐயும் வைத்திருக்கலாம். நால்வர் பதினாறு பதினாறாகவும் வைத்திருக்கலாம். பங்கு கை மாறினால் விற்பனைப் பத்திரம் எழுதித் துறைமுகப் பதிவேட்டில் பதிய வேண்டும். கடன் வாங்கினால் அடமானமும் அதே ஏட்டில் ஏறும். 1854-ஆம் ஆண்டின் வணிகக் கப்பற் சட்டம் இன்னொன்றும் செய்தது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் அரசாங்க எண் கொடுத்து, அதைக் கப்பலின் முதன்மை உத்தரத்தில் செதுக்கச் சொல்லியது. பெயர் மாறலாம், உடையவர் மாறலாம், வண்ணம் மாறலாம். பிரிட்டிஷ் பதிவில் இருக்கும் வரை அந்த எண் மாறாது. இவையன்றி 1764 முதல் லாயிட்ஸ் பதிவேடு என்ற அச்சுப் புத்தகமும் உண்டு. கட்டியவர் யார், உடையவர் யார், எத்தனை டன் என்ற குறிப்புகள் அதில் காணக் கிடைக்கும். விடுதலை பெற்ற இந்தியா 1958-இல் தனக்கெனக் கப்பற் சட்டம் இயற்றியபோது, 64 பங்கை 10 பங்காகச் சுருக்கியது. கணக்கு எளிதாகட்டும் என்று எண்ணினார்கள் போலும்!

எண்ணை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், கப்பலின் பெயரை நம்பி வழி தேடுகிறவன் திசை தப்பிப் போவான். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-இல் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் கைக்கு மாறி, அவருடைய மனைவியின் பெயரைத் தாங்கி 1938-இல் அமெரிக்காவின் கிளஸ்டர் துறையை அடைந்தது. அமெரிக்க ஏட்டில் புதுப்பெயரை மட்டும் காண்பவன், அது தமிழர் கட்டிய கலம் என்று எங்ஙனம் அறிவான்? ஒரே பெயரில் பல கப்பல்கள் இருப்பதும் உண்டு. அதற்குச் சான்று பிறகு வரும். அது நம் வீட்டுச் சான்று.

இனி நம் கப்பலுக்கு வருவோம். இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் பாரோ என்ற ஊர் உண்டு. அங்கே ஒரு கப்பல் தளத்தில் 1890-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் வெண்ணிற நீராவிக் கப்பல் ஒன்று நீரில் இறக்கப்பட்டது. நீளம் 485 அடி, அகலம் 51 அடி, கொள்ளளவு 5,905 டன். மூன்று பாய்மரங்களும் இரண்டு புகைபோக்கிகளும் உடைய அழகிய கலம். முதல் வகுப்பில் 120 பேர், இரண்டாம் வகுப்பில் 50 பேர், கீழ்த்தட்டில் 600 பேர் செல்லலாம். சூட்டிய பெயர் 'எம்பிரஸ் ஆப் இந்தியா'. இந்தியாவின் சக்கரவர்த்தினி என்பது பொருள். விக்டோரியா மகாராணியார் அப்பட்டத்தைப் பெற்றுப் பதினான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன.

பெயர் இந்தியாவுடையது, உடையவரோ கனடா நாட்டார். கனடியன் பசிபிக் ரயில்வே கம்பெனியே முதல் உடையவர். இரயில்வே கம்பெனிக்குக் கப்பல் எதற்கு என்று, லாலாகுடா பணிமனையின் சங்கொலி கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் கேட்கக்கூடும். கனடாவின் கீழ்க்கரைக்கும் மேல்கரைக்கும் இடையே 1885-இல் தண்டவாளம் இணைந்தது. மேல்கரையில் வான்கூவரில் வந்து நிற்கும் வண்டிக்குச் சரக்கு வேண்டுமே! சீனத்தின் பட்டையும் ஜப்பானின் தேயிலையையும் கொணர்ந்து கொட்டினால் வண்டி நிறையும். அத்துடன் ஆங்காங்குக்கும் வான்கூவருக்கும் இடையே தபால் கொண்டு செல்ல ஆண்டுக்கு 60,000 பவுன் மானியமும் கிடைத்தது. எனவே சக்கரவர்த்தினி என்ற பெயரில் இந்தியா, ஜப்பான், சீனம் என மூன்று உடன்பிறப்புக் கப்பல்களைக் கட்டுவித்தார்கள். போர் மூண்டால் பீரங்கி ஏற்றும் வகையில் அவை அமைக்கப்பட்டிருந்தன. கப்பலும் தண்டவாளமும் ஒரே முதலாளியுடையவை.

இந்தக் கப்பலுக்கும் நாம் கூடியிருக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு என்றால் வியப்பீர்கள். 1893-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள், இங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள செகந்திராபாத் மஹ்பூப் கல்லூரியில், சென்னையிலிருந்து வந்த இளந்துறவி ஒருவர் மேலை நாட்டுக்குத் தாம் செல்ல நினைப்பதன் நோக்கத்தைப் பற்றி ஆங்கிலத்தில் உரை நிகழ்த்தினார். அவரே சுவாமி விவேகானந்தர். அவருக்கு வழிச்செலவு திரட்டியவர்களுள் முன்னின்றவர் அளசிங்கப் பெருமாள் முதலான சென்னை அன்பர்கள். கேத்ரி மன்னரும் உதவினார். மே 31-ஆம் நாள் பம்பாயில் கப்பலேறிய சுவாமிகள் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஆங்காங் வழியே ஜப்பானை அடைந்து, ஜூலை 14-ஆம் நாள் யோகஹாமா துறையில் 'எம்பிரஸ் ஆப் இந்தியா'வில் ஏறினார். பசிபிக் கடலின் குளிர்காற்றுக்குப் போதிய உடையின்றி வாடினார். ஜூலை 25-ஆம் நாள் வான்கூவரில் இறங்கி, அங்கிருந்து இரயிலேறிச் சிகாகோ சென்றார்.

அதே கப்பலில் இன்னொரு பயணியும் இருந்தார். அவர் ஜாம்ஷெட்ஜி டாட்டா. அவர் ஜப்பானுக்கு வந்ததன் காரணம் நம் பொருளுக்கு மிக நெருங்கியது. பம்பாய் நூலைக் கீழ்த்திசைக்கு ஏற்றிச் செல்லப் பி. அண்டு ஓ. கம்பெனி கொள்ளைக் கூலி வாங்கிற்று. அதனை எதிர்க்க ஜப்பானியக் கப்பற் கம்பெனியோடு கூட்டுச் சேர அவர் சென்றிருந்தார். பின்னர்க் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தி டாட்டா வரிசை என்று நடத்தியும் பார்த்தார். எதிரிகள் கூலியை அடியோடு குறைத்தார்கள். பிறர் கப்பலுக்கு வாடகை கொடுத்துக்கொண்டே அந்த அடியைத் தாங்க முடியவில்லை, முயற்சி நின்றது. வாடகை வீட்டுக்கும் சொந்த வீட்டுக்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியாததா? வீட்டுக்காரர் மனம் மாறினால் பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டியதுதான். இந்த வாடகை என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் மீண்டும் அதைச் சந்திப்போம்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சக்கரவர்த்தினி பசிபிக் கடலைக் கடந்து கடந்து உழைத்தாள். உடன்பிறந்த சீனச் சக்கரவர்த்தினி 1911-இல் ஜப்பான் கரையருகே பாறையில் மோதி அழிந்தாள். 1913-இல் இவளைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட டன் உடைய இரு புதுக்கப்பல்களைக் கம்பெனி இறக்கியது. பழைய கப்பலுக்கு இனி அங்கே வேலை இல்லை. அடுத்த ஆண்டு பெரும்போர் மூண்டது.

1914 டிசம்பரில் உடைமை கை மாறிற்று. வாங்கியவர் குவாலியர் மகாராஜா மாதவராவ் சிந்தியா. போரில் காயமுற்ற இந்தியச் சிப்பாய்களைக் கொணர மருத்துவமனைக் கப்பலாக அதனை மாற்றியமைத்தனர். 1915 ஜனவரியில் பெயரையும் மாற்றினர். புதுப்பெயர் 'லாயல்டி'. தமிழில் சொன்னால் விசுவாசம். இன்னும் நெருங்கச் சொன்னால் இராஜபக்தி. யாருக்கு விசுவாசம் என்று நான் விரிக்க வேண்டியதில்லை. ஒரு சமஸ்தானாதிபதி டில்லியையும் இலண்டனையும் நோக்கிக் கூப்பிய கை அந்தப் பெயர். ஆயினும் அந்தக் கப்பலின் கட்டில்களில் கிடந்தவர்கள் நம் நாட்டு உழவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் உயிரைக் கரை சேர்த்த பணியைப் பெயரைக் கண்டு இகழ எனக்கு மனம் வரவில்லை.

இங்கே சிறிது பின்னே சென்று தூத்துக்குடிக்கு வர வேண்டும். மூன்றாம் உடையவர் யார் என்பதை மட்டும் அறிய இப்பயணம் வேண்டா. அவரை எதிர்த்து நின்றவர் யார் என்பதை அறிய வேண்டும்.

பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கம்பெனி, சுருக்கமாகப் பி. ஐ. கம்பெனி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தனியாட்சி செலுத்தியது. அங்கே அதன் ஏஜெண்டுகள் ஹார்வி கம்பெனியார். அவர்களை எதிர்க்க வ. உ. சிதம்பரனார் முதலில் செய்தது என்ன? வாடகைக்குக் கப்பல் அமர்த்தியதே. பம்பாயைச் சேர்ந்த ஷா வரிசைக்காரரிடம் கப்பல் பேசி ஓட்டினார். பி. ஐ. கம்பெனியார் அந்தக் கப்பற்காரரை மிரட்டவே, அவர் கப்பலைத் திரும்ப அழைத்துக்கொண்டார். சிதம்பரனார் கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பெற்றுச் சமாளித்தார். பிறர் கலத்தில் நம் கொடி நெடுநாள் பறவாது என்பதை டாட்டா கற்றதுபோலவே அவரும் கற்றார். ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரே தலைவர். தமிழ்ச் சங்கத் தலைவர் ஒருவர் கப்பற் கம்பெனிக்கும் தலைவரானார் என்பதை நம் சங்க நிர்வாகிகள் சற்றுக் கவனிக்க வேண்டுகிறேன்! ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் ஒருவரே 8,000 பங்குகளுக்கு இரண்டு இலட்சம் ரூபாய் தந்தார். ஆசியாவைச் சேர்ந்த எவரும் பங்காளி ஆகலாம் என்பது விதி. இருபத்தைந்து ரூபாய் அக்காலத்தில் சிறு தொகையன்று. ஆயினும் ஒரு சிற்றூர் ஆசிரியரோ கடைக்காரரோ முயன்றால் ஒரு பங்கு வாங்கக்கூடிய தொகை. சிதம்பரனார் பம்பாய் சென்றார். கப்பலின்றித் திரும்புவதில்லை என்ற உறுதியோடு சென்றார். 1907 மே மாதம் 'காலியா' தூத்துக்குடிக்கு வந்தது. எஸ். வேதமூர்த்தி பிரான்சு சென்று 'லாவோ'வைக் கொணர்ந்தார்.

முன்னே சொன்ன வீட்டுச் சான்று இதுதான். காலியா என்பது பிரெஞ்சு மண்ணுக்கு உரோமர் இட்ட பழம்பெயர். சுதேசிக் கப்பலின் பெயர் பரதேசிப் பெயர்! 'காலியா' என்று ஏட்டைப் புரட்டினால் பலர் எதிர்ப்படுவர். குனார்டு கம்பெனியார் 1879-இல் ஓட்டத் தொடங்கிய காலியா ஒன்று. அது கனடாவின் ஆற்றில் தரைதட்டி 1900-இல் உடைக்கப்பட்டது. ஆகவே அது நம்முடையது ஆகாது. 1913-இல் நீரில் இறங்கிய பிரெஞ்சுப் பயணிக் கப்பல் காலியா இன்னொன்று. 1916 அக்டோபரில் மத்தியதரைக் கடலில் படைவீரர் பலரோடு ஜெர்மன் நீர்மூழ்கிக்கு இரையாயிற்று. அதுவும் நம்முடையது ஆகாது. நம் கம்பெனி அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னமே கலைந்துவிட்டது. பெயரொற்றுமையைக் கண்டு இவற்றின் படத்தைச் சிதம்பரனார் கப்பல் என்று மலரில் அச்சிடுவோர் இருப்பின், ஆண்டையும் எண்ணையும் ஒத்துப் பார்த்துவிட்டு அச்சேற்றுக.

மற்றொன்றும் காண்க. கப்பற் பதிவேடு 'உடையவர்: சுதேசி நாவாய்ச் சங்கம்' என்ற அளவிலே நின்றுவிடும். அந்தப் பெயருக்குப் பின்னால் நிற்கும் சேட், வக்கீல், நெல் வியாபாரி, கோவிற்பட்டிக் கடைக்காரர் ஆகியோரை அதில் காண இயலாது. அவர்களைக் காணப் பங்காளிகள் பேரேடு வேண்டும். ஆகவே உடைமையைத் தேடுவோனுக்கு ஏடு இரண்டு. ஒன்று கப்பலுடையது, மற்றொன்று கம்பெனியுடையது. மகாராஜா வாங்கிய கப்பலுக்கு முதல் ஏடு போதும். தூத்துக்குடிக் கப்பலுக்கு இரண்டாம் ஏட்டில்தான் உண்மை இருக்கிறது.

அதன்பின் நடந்தது நீங்கள் திரைப்படத்திலும் பள்ளிப் பாடத்திலும் அறிந்ததே. பி. ஐ. கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. பிறகு கட்டணமின்றி ஏற்றிக் குடையும் தருவதாகச் சொன்னது என்று வரலாற்று நூல்கள் கூறும். 1908 மார்ச் 12-ஆம் நாள் சிதம்பரனார் சிறைப்பட்டார். ஜூலை 7-ஆம் நாள் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் சிறையில் இருக்கும்போதே 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது அவர் வாங்கிய கப்பல் ஒன்றேனும் அவர் மக்கள் கையில் இல்லை.

இப்போது 1919-க்கு வருவோம். போர் முடிந்துவிட்டது. மகாராஜாவுக்கு மருத்துவமனைக் கப்பல் இனி வேண்டா. உலகெங்கும் கப்பற் பஞ்சம். ஐரோப்பா செல்ல இடமின்றிப் பயணிகள் காத்திருந்தனர். பம்பாயில் வால்சந்த் ஹீராசந்த் என்ற இளம் தொழிலதிபர், இரயில் பயணத்தில் சந்தித்த ஓர் ஆங்கிலேயரின் பேச்சிலிருந்து இக்கப்பல் விலைக்கு வருவதை அறிந்தார் என்பர். நரோத்தம் மொரார்ஜி, கிலாசந்த் தேவ்சந்த், லல்லுபாய் சாமல்தாஸ் ஆகியோருடன் கூடிக் கம்பெனி தொடங்கிக் கப்பலை வாங்கினார். விற்றவரின் குடிப்பெயரையே கம்பெனிக்குச் சூட்டினர்: சிந்தியா நீராவிக் கப்பற் கம்பெனி. இவரே மூன்றாம் உடையவர். 1919 ஏப்ரல் 5-ஆம் நாள் 'லாயல்டி' பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. வால்சந்தும் அதில் பயணம் செய்தார். இந்தியர் கம்பெனி ஒன்றின் நீராவிக் கப்பல் இங்கிலாந்து நோக்கிச் சென்ற முதல் பயணம் அது. அந்த நாளை நினைவுகூர்ந்தே 1964 முதல் ஏப்ரல் 5-ஐத் தேசியக் கடல்சார் தினமாக நாடு கொண்டாடி வருகிறது.

ஒரு வேடிக்கை. வாங்கியவர்கள் பெயரை மாற்றவில்லை. ஜாலியன்வாலா பாக்கில் குண்டு பொழிந்த அதே ஏப்ரல் மாதத்தில், அந்நியர் கப்பலாட்சியை எதிர்த்துப் புறப்பட்ட முதல் கலம் 'இராஜபக்தி' என்ற பெயரைத் தாங்கியே கடலில் சென்றது. சட்டப்படி அது அப்போதும் பிரிட்டிஷ் கப்பலே. தூத்துக்குடியார் பிரெஞ்சுப் பெயரை வைத்துக்கொண்டனர். பம்பாயார் விசுவாசத்தை வைத்துக்கொண்டனர். பெயர் மாற்றுவதைவிடப் பெரிய கவலைகள் அவர்களுக்கு இருந்தன என்றே நான் கொள்கிறேன்.

அந்தக் கவலைகளுக்கு வேர் யார்? பழைய பகைவரே. பி. ஐ. கம்பெனியும் பி. அண்டு ஓ. கம்பெனியும் 1914-இல் இணைந்திருந்தன; இரண்டுக்கும் தலைவர் இஞ்ச்கேப் பிரபு. டாட்டாவை வீழ்த்திய கையும் சிதம்பரனாரை வீழ்த்திய கையும் ஒரே உடலில் சேர்ந்து சிந்தியாவின் எதிரே நின்றன. ஆயுதமும் அதே ஆயுதம்: கூலிக் குறைப்பு. 1923-இல் சிந்தியா ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட நேர்ந்தது. பத்து ஆண்டுகளுக்கு 75,000 டன்னுக்கு மேல் கப்பல் வைத்திருக்கலாகாது. கரையோர வாணிகத்துக்கு அப்பால் செல்லலாகாது. இலண்டனுக்குக் கப்பல் விட்ட கம்பெனி கரையோரத்தில் கட்டுண்டது. ஆனால் அழியவில்லை. பின்னர் 1941-இல் விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளத்துக்கு அது அடிக்கல் நாட்டியது. இராஜேந்திர பிரசாத் அவ்விழாவை நடத்தினார். 1948 மார்ச் 14-ஆம் நாள் அங்கே கட்டிய 'ஜல உஷா'வை நேரு நீரில் இறக்கினார். அந்தத் தளமே பின்னர் அரசுடைமையாகி இந்துஸ்தான் கப்பல் தளம் ஆயிற்று.

ஏப்ரல் 5-ஆம் நாள் பள்ளிகளில் சிலர் 'லாயல்டி'யை "இந்தியரின் முதற்கப்பல்" என்று சொல்லிக் கொடுக்கின்றனர். உடைமை ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இச்சொல் நில்லாது. அது இங்கிலாந்தில் பிறந்து, கனடாவுக்கு உழைத்து, இருபத்தெட்டு ஆண்டு கழித்து இந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த கப்பல். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னமே, பங்கு சேர்த்து வாங்கிய நீராவிக் கப்பல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓடியது. இலண்டன் வரை சென்ற முதல் பயணம் என்ற பெருமை 'லாயல்டி'க்கு உரியது. அதை நாம் பறிக்க வேண்டா. ஆனால் அந்தப் பெருமைக்கு உரிய அடைமொழியைக் குறைக்காமல் சொல்ல வேண்டும். பம்பாய்க்காரர் புகழைத் தமிழர் பொறாமையால் குறைக்கிறார் என்று எவரும் எண்ணற்க. சிந்தியா தாக்குப் பிடித்தது, தூத்துக்குடி தாக்குப் பிடிக்கவில்லை என்பதும் ஏட்டில் உள்ளதே. வால்சந்துக்குப் பின்னால் பம்பாயின் செல்வம் நின்றது. அவர் சிறைக்குப் போக நேரவில்லை. சிதம்பரனாருக்குப் பின்னால் இருபத்தைந்து ரூபாய்ப் பங்காளிகள் நின்றனர். தலைவன் செக்கிழுத்தபோது அவர்களை ஒன்றாய்ப் பிடித்து வைக்க ஆளில்லை.

கப்பலின் முடிவைச் சொல்லி அமர்கிறேன். நிலக்கரியை வாரி விழுங்கும் முதிய பயணிக் கப்பலை வைத்து இலாபம் காண இயலவில்லை. 1923-இல், ஒப்பந்தம் கையெழுத்தான அதே ஆண்டில், பம்பாயிலேயே அதனை உடைத்தெடுக்க விற்றுவிட்டனர். செகந்திராபாத்தில் பேசிய துறவியைப் புதிய உலகில் இறக்கிவிட்ட தளங்கள் பழைய இரும்பாயின. உத்தரத்தில் செதுக்கிய எண்ணும் உலையில் கரைந்தது.

நம் காலனியில் திருநெல்வேலி, தூத்துக்குடி, கோவிற்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல உள்ளன. ஊரில் பாட்டனார் வைத்த மரப்பெட்டியில் பழைய பத்திரக் கட்டுகள் இருப்பின், அடுத்த விடுமுறைக்குச் செல்லும்போது ஒரு முறை பிரித்துப் பாருங்கள். 1906, 1907 என்ற ஆண்டுகளும் 25 ரூபாய் என்ற தொகையும் உள்ள அச்சுத்தாள் ஒன்று அகப்பட்டால் பழங்காகிதம் என்று கடைக்குப் போடாதீர்கள். நம் சங்கச் செயலாளரிடம் தெரிவியுங்கள். அதனைப் படியெடுத்து அடுத்த மலரில் வெளியிட அவர் இசைந்திருக்கிறார்.